ஒருவரின் அரசியல் மனப்பான்மை எப்படி உருவானது என்று கேட்டறிவது: பெங்களூர்த் தமிழர்களை நேர்காணல் செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு விஷயத்தில் ஒருவருக்கு இன்றுள்ள அரசியல் சாய்வு எந்த வயதில், யார் வழியாக, எந்தச் சூழலில் வந்து சேர்ந்தது என்பதை நேரில் உட்கார்ந்து கேட்டு எழுத விரும்பும் மாணவர்களுக்காகவும் வாய்மொழி வரலாறு திரட்டுவோருக்காகவும் இது எழுதப்படுகிறது. அடுத்த தேர்தலில் யார் வெல்வார் என்று கணிக்க நினைப்பவர்களுக்கு இது பயன்படாது. எடுத்துக்காட்டுகள் அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன், விவேக் நகர் போன்ற தமிழர் மிகுந்த பகுதிகளை மனத்தில் வைத்துத் தரப்பட்டுள்ளன.

புதிதாக வருவோர் முதலில் கருத்தைக் கேட்கிறார்கள், அடுத்துக் காரணத்தைக் கேட்கிறார்கள், நேரம் மிஞ்சினால் வாழ்க்கையைக் கேட்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். முதலில் வாழ்க்கை, பிறகு மனிதர்கள், பிறகு கருத்து, கடைசியில் காரணம். வரிசை மாறினால் என்ன கெடுகிறது என்பதை ஒவ்வொரு படியிலும் சொல்லியிருக்கிறேன்.

1. வாக்கு, கருத்து, மனப்பான்மை மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள்

வாக்கு என்பது ஒரு நாளில் செய்யும் செயல். கருத்து என்பது கேட்ட கேள்விக்குச் சொல்லும் பதில். மனப்பான்மை என்பது ஒரு கட்சி, ஒரு சமூகம், ஒரு கொள்கை ஆகியவற்றின் மீது நெடுநாளாக நிலைத்திருக்கும் விருப்பு அல்லது வெறுப்பு. நாம் தேடுவது மூன்றாவதை.

பெங்களூரில் இந்தப் பிரிவினை மிகவும் தேவைப்படுகிறது. தந்தை வழியாக வந்த தி.மு.க. அல்லது அ.தி.மு.க. பற்றோடு தினமும் இரவு சென்னைச் செய்திகளைப் பார்ப்பவர், சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசுக்கோ பா.ஜ.க.வுக்கோ வாக்களிக்கலாம், வார்டு தேர்தலிலோ கட்சியைப் பாராமல், தெருவில் குழாய் போட்டுக் கொடுத்த ஆளைப் பார்த்து வாக்களிக்கலாம். “நீங்க எந்தக் கட்சிங்க?” என்று பொதுவாகக் கேட்டால் இந்த மூன்றில் எதற்குப் பதில் வந்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

எனவே ஒரு நேர்காணலுக்கு ஒரே ஒரு பொருளை வைத்துக்கொள்ளுங்கள். காவிரி நீர்ப் பங்கீடு, இடஒதுக்கீடு, 2023 ஜூனில் கர்நாடகத்தில் தொடங்கிய பெண்களுக்கான இலவசப் பேருந்துப் பயணத் திட்டம் போன்ற ஒன்று போதும். இரண்டாவது பொருள் தானாக வந்தால் தடுக்க வேண்டாம், ஆனால் நீங்களாக இழுத்து வராதீர்கள்.

2. கிளம்புவதற்கு முன் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டியவை

ஒப்புதல் வாசகத்தைப் பேச்சு நடையில் எழுதி மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். யார் கேட்கிறோம், எதற்காகக் கேட்கிறோம், பெயர் எங்கும் வராது, பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்ற ஐந்தும் அதில் இருந்தால் போதும். ஒலிப்பதிவுக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். பேசச் சம்மதித்துப் பதிவுக்கு மறுப்பவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் குறிப்பேடு மட்டும் போதும்.

தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு போகாதீர்கள். அந்த வாரங்களில் வாசலுக்கு வருபவர் யாராக இருந்தாலும் ஏதோ ஒரு கட்சியின் ஆள் என்றே எடுத்துக்கொள்ளப்படுவார். பதிலும் கட்சிக்காரருக்குச் சொல்லும் பதிலாகவே இருக்கும்.

இதே காரணத்தால், பகுதிக் கட்சிப் பிரமுகர் யாரையும் துணைக்கு அழைத்துப் போகக் கூடாது. அவர் வந்தால் கதவு எளிதில் திறக்கும் என்பது உண்மைதான், ஆனால் திறந்த கதவுக்குள் அவர் கேட்க விரும்பியதுதான் பேசப்படும். கோயில் கமிட்டி, தேவாலயம், ஓய்வுபெற்ற தொழிலாளர் வட்டம், மகளிர் சுயஉதவிக் குழு என்று தொடர்பில்லாத பல வாசல்கள் வழியாக ஆட்களைப் பெறுவது நல்லது. ஒருவர் கைகாட்டிய நான்கு பேரும் பெரும்பாலும் அவரைப் போலவே சிந்திப்பவர்களாக இருப்பார்கள்.

3. இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

டீக்கடையில் பேச்சு சுவையாக இருக்கும், ஆனால் அங்கே கிடைப்பது நான்கு பேர் கேட்கச் சொல்லும் பேச்சு. வீட்டுக்குள் உட்காருங்கள். மொழிப் பிரச்சினையைப் பற்றிப் பேசும்போது பக்கத்து வீட்டுக்குக் கேட்குமோ என்று குரலைத் தாழ்த்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அந்தச் சங்கடத்தில் விடக் கூடாது.

வீட்டுக்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு. அக்காவிடம் கேள்வி கேட்டால், “அவளுக்கு என்னங்க தெரியும், நான் சொல்றேன்” என்று கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அவரை எதிர்த்துப் பயனில்லை. இருவராகப் போய், ஒருவர் அவரிடம் வாசலில் அவருக்கென்று தனி நேர்காணலைத் தொடங்கிவிட வேண்டும். அது இயலாவிட்டால், அவர் வேலைக்குப் போயிருக்கும் முற்பகலில், அந்த அக்கா சொல்லும் நேரத்தில் மறுபடி வர வேண்டும்.

4. முதலில் காலக்கோட்டை நிரப்புங்கள்

இந்தப் படிக்கு மொத்த நேரத்தில் பாதியைக் கொடுக்கலாம். ஒரு நீளத் தாளில் மூன்று பத்திகள் வரையுங்கள். இடப்பக்கம் ஆண்டு, நடுவில் அவருடைய வீடு, பள்ளி, வேலை, திருமணம், வலப்பக்கம் பொது நிகழ்ச்சிகள். வலப்பக்கத்தை நீங்கள் முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகலாம்: 1975 நெருக்கடி நிலை, 1980 இறுதியில் தொடங்கிய பொதுத்துறை ஆலைகளின் வேலைநிறுத்தம், கன்னடத்துக்கு முதலிடம் கேட்டு 1982-ஐ ஒட்டி நடந்த கோகாக் கிளர்ச்சி, 1984 அக்டோபரில் இந்திரா காந்தி கொலை, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைவு, 1991 டிசம்பர் காவிரிக் கலவரம், 2000-இல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டது, 2009 ஆகஸ்டில் அல்சூரில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது, காவிரியை ஒட்டி 2016 செப்டம்பரில் நடந்த வன்முறை, 2020 ஊரடங்கு.

நிரப்பும்போது நடுப்பத்தியில் இருந்து தொடங்குங்கள். எந்தத் தெருவில் பிறந்தார், தமிழ் மீடியமா கன்னட மீடியமா, முதல் வேலை எங்கே, எந்த ஆண்டில் வீடு மாறினார் என்று கேளுங்கள். ஆண்டுகள் நினைவில் நிற்பதில்லை. வீடுகளும் வேலைகளும் நிற்கின்றன. “பின்னி மில்லுல அப்பாவுக்கு வேலை போன வருஷம்” என்று ஒருவர் சொன்னால், அதைக் கொளுவியாக வைத்து மற்ற நிகழ்ச்சிகளை முன்னும் பின்னுமாக மாட்டிவிடலாம்.

பொது நிகழ்ச்சிகளுக்கு வரும்போது நினைத்ததைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். “91-ல காவிரியப் பத்தி என்ன நெனச்சீங்க?” என்ற கேள்விக்கு அவர் இன்று நினைப்பதே பதிலாக வரும். “அந்த டிசம்பர்ல எந்த வீட்டுல இருந்தீங்க? பக்கத்து வீட்டுல யாரு? மறுநாள் வேலைக்குப் போனீங்களா? கடையில எந்த மொழியில பேசுனீங்க?” என்று கேட்டால் காட்சிகள் வரும். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டது என்று சொல்பவரும், முதலாளி நான்கு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார் என்று சொல்பவரும் ஒரே கலவரத்திலிருந்து இரு வேறு சாய்வுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருப்பதை இங்கேதான் பார்க்க முடியும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், தம்முடைய பழைய கருத்தை மனிதர்கள் இன்றைய கருத்தின் சாயலிலேயே நினைவுகூர்கிறார்கள். அமெரிக்காவில் 1973-இலும் 1982-இலும் ஒரே ஆட்களைக் கேட்டு வைத்த பதில்களை கிரெகரி மார்கஸ் ஒப்பிட்டு 1986-இல் வெளியிட்டார். 1973-இல் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று 1982-இல் கேட்டபோது அவர்கள் சொன்னது, 1973-இல் உண்மையில் சொன்னதைவிட 1982-இல் நினைத்ததற்கே நெருக்கமாக இருந்தது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது.

தாளில் அவர் 17 முதல் 25 வயது வரை இருந்த ஆண்டுகளை மெல்லிய கோட்டால் கட்டமிடுங்கள். தங்கள் காலத்தின் முக்கிய நிகழ்ச்சி எது என்று கேட்டால் மனிதர்கள் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் நடந்ததையே மிகுதியாகச் சொல்கிறார்கள் என்பதை ஹோவர்ட் ஷூமனும் ஜாக்குலின் ஸ்காட்டும் 1989-இல் காட்டினர். 1970-இல் பிறந்தவருக்கு 1991-இல் 21 வயது. 1998-இல் பிறந்தவருக்கு 2016-இல் 18. அந்தக் கட்டத்துக்குள் கூடுதலாக ஐந்து கேள்விகள் கேட்பது வீண் போகாது.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது, எல்லாவற்றிலும் காவிரியைத் தேடுவது. பெங்களூர்த் தமிழர் என்றாலே 1991-தான் என்று தீர்மானித்துக்கொண்டு வருகிறார்கள். பலருடைய வாழ்வில் ரேஷன் அட்டைக்காக அலைந்ததும், தொழிற்சங்கக் கூட்டத்துக்கு முதன்முதலாகப் போனதும், குடிசைக்குப் பட்டா கிடைத்ததும் அதைவிட ஆழமாகப் பதிந்திருக்கின்றன. அவர் சொல்லாத கலவரத்தை நீங்கள் இரண்டு முறைக்கு மேல் எடுக்காதீர்கள்.

இன்னொன்று: 1991-க்குப் பின் பிறந்தவர்களும் அதைக் கண்ணால் கண்டதுபோல் விவரிப்பார்கள். அது அம்மாவோ பெரியப்பாவோ சொன்னது. தாளில் அதை வேறு நிற மையில், கேட்டறிந்தது என்று குறியுங்கள். அதன் வலு குறைந்தது என்று பொருளில்லை. வந்த வழி வேறு, அவ்வளவே.

5. அடுத்து மனிதர்களைக் கேளுங்கள்

காலக்கோட்டில் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் இரண்டு கேள்விகள்: அப்போது அரசியலை யாரோடு பேசினீர்கள், யாருடைய பேச்சை நம்பினீர்கள்? இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. 1940 அமெரிக்கத் தேர்தலின்போது ஓஹாயோவின் ஈரி மாவட்டத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் கண்டது, செய்தித்தாளும் வானொலியும் நேரடியாக மாற்றியவர்கள் குறைவு, அவற்றைக் கவனித்த அக்கம்பக்கத்து ஆள் வழியாகவே பலருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது என்பதுதான். இன்று அந்த ஆள் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் இருக்கலாம். “வாட்ஸ்அப்ல வந்துச்சு” என்று சொன்னால் அங்கே நிறுத்தாதீர்கள். அனுப்பியது யார், அவரை எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேளுங்கள்.

பெற்றோரைப் பற்றிக் கேட்கும்போது கட்சியையும் கொள்கையையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஜென்னிங்சும் நீமியும் 1965-இல் அமெரிக்கப் பள்ளி இறுதி மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியே கேட்டபோது, கட்சிச் சார்பில் இருந்த ஒற்றுமை பல கொள்கைக் கேள்விகளில் இல்லை. இங்கும் அப்பாவின் கட்சியை அப்படியே வைத்துக்கொண்டு அப்பாவின் சாதிப் பார்வையை உதறியவர்களைப் பார்க்கலாம், எதிர்ப்புறமாகவும் பார்க்கலாம்.

6. இப்போது இன்றைய கருத்தைக் கேளுங்கள்

கருத்துக் கேள்வியை இவ்வளவு தாமதிப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவர் தன் நிலைப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிவிட்டால், அதன் பிறகு சொல்லும் வாழ்க்கைக் கதை முழுவதும் அந்த நிலைப்பாட்டுக்குச் சாட்சியாக மாறிவிடும். ஆனால் இந்த வரிசையிலும் ஒரு விலை இருக்கிறது: கலவரத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசிய பிறகு கேட்கும் கருத்து, அந்தப் பேச்சின் சூட்டோடுதான் வரும். அதனால் இடையில் காபி குடியுங்கள், பேரப்பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசுங்கள், பிறகு கேளுங்கள். எல்லோரிடமும் இதே வரிசையைப் பின்பற்றினால்தான் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட முடியும்.

முன்கேள்வி பின்கேள்வியை எவ்வளவு மாற்றும் என்பதற்கு 1948-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு போதும். கம்யூனிஸ்ட் நாட்டுச் செய்தியாளர்களை அமெரிக்காவுக்குள் அனுமதிக்கலாமா என்று முதலில் கேட்டபோது 36 விழுக்காட்டினர் சம்மதித்தனர். அமெரிக்கச் செய்தியாளர்களை ரஷ்யாவுக்குள் அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு அதைக் கேட்டபோது 73 விழுக்காட்டினர் சம்மதித்தனர். சென்னையில் கன்னடர்களுக்கு என்ன உரிமை வேண்டும் என்று கேட்டுவிட்டு, பெங்களூரில் தமிழர்களுக்கு என்ன உரிமை வேண்டும் என்று கேட்பவர் இதே குழியில் விழுகிறார்.

கேள்வியில் கட்சிப் பெயரோ தலைவர் பெயரோ வரக் கூடாது. ஜெஃப்ரி கோஹன் 2003-இல் வெளியிட்ட சோதனைகளில், நலத்திட்டம் ஒன்றைத் தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்று தெரிந்ததும் மாணவர்கள் அதன் உள்ளடக்கத்தைப் பெரிதும் பொருட்படுத்தாமல் ஆதரித்தார்கள். கட்சியால் தாங்கள் சாயவில்லை என்றும் நம்பினார்கள். இலவசப் பேருந்துத் திட்டத்தை யார் கொண்டுவந்தார்கள் என்று சொல்லிக் கேட்டால், திட்டத்தைப் பற்றிய பதில் உங்களுக்குக் கிடைக்காது.

“தெரியாது” என்பதை மரியாதையான பதிலாக வைத்திருங்கள். இல்லாத ஒரு சட்டத்தின் பெயரைச் சொல்லி சின்சினாட்டி நகரத்தில் கருத்துக் கேட்ட ஜார்ஜ் பிஷப் குழுவினருக்கு, ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு கருத்தைச் சொன்னார்கள். “இதப் பத்தி நீங்க யோசிச்சது உண்டா, இல்லியா? இல்லன்னாலும் பரவாயில்லீங்கம்மா” என்று முன்கூட்டியே வழிவிட்டால் இட்டுக்கட்டிய பதில்கள் குறையும்.

7. காரணத்தைக் கடைசியில், எச்சரிக்கையோடு கேளுங்கள்

“ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?” என்ற கேள்வி தவிர்க்க முடியாதது, ஆனால் அதற்கு வரும் பதிலைக் காரணமாக எழுதிக்கொள்வதுதான் இந்த வேலையின் அடிப்படைப் பிழை. நிஸ்பெட்டும் வில்சனும் 1977 கட்டுரையில் விவரித்த சோதனை ஒன்றில், நான்கு ஒரே மாதிரியான காலுறைகளை வரிசையாக வைத்து எது தரமானது என்று கேட்டார்கள். வலக்கோடியில் இருந்ததைப் பலர் தேர்ந்தெடுத்து, அதன் நெசவைக் காரணமாகச் சொன்னார்கள். வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டபோது மறுத்தார்கள்.

அரசியலிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். சுவீடனில் 2010 தேர்தலுக்கு முன் வாக்காளர்களின் பதில்தாளில் சில விடைகளை ஆய்வாளர்கள் மறைவாக எதிர்ப்புறத்துக்கு மாற்றிவிட்டு விளக்கம் கேட்டபோது, மாற்றப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை அவர்கள் கவனிக்கவே இல்லை. தாங்கள் சொல்லாத பதிலுக்குக் காரணமும் சொன்னார்கள்.

ஆகவே காரணத்தைக் கேட்ட உடனே காலக்கோட்டுத் தாளை இருவருக்கும் நடுவில் வைத்து, “இது எப்பலேர்ந்து இப்பிடித் தோணுதுங்க?” என்று கேளுங்கள். அவர் விரல் எந்த ஆண்டில் போய் நிற்கிறதோ, அது அவர் வாயால் சொன்ன காரணத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இடஒதுக்கீட்டை எதிர்ப்பதற்குத் தகுதியைக் காரணமாகச் சொன்னவர், அவருடைய தம்பிக்குப் பொறியியல் இடம் கிடைக்காத ஆண்டில் விரல் வைக்கலாம். அதைச் சுட்டிக்காட்டி மடக்காதீர்கள். எழுதிக்கொண்டு அடுத்ததுக்குப் போங்கள்.

கொள்கைகளைப் பொறுத்தவரை, ஏன் என்பதற்குப் பதிலாக “இது எப்படி நடக்குதுங்க?” என்பதும் பயனுள்ள கேள்வி. பெண்களுக்குச் சீட்டு இலவசம் என்றால் பேருந்துக் கழகத்துக்குப் பணம் யார் தருகிறார்கள், அது எங்கிருந்து வருகிறது என்று படிப்படியாக விளக்கச் சொல்லுங்கள். இப்படி விளக்கச் சொன்னபோது கருத்தின் தீவிரம் சற்றுத் தணிந்தது என்றும், வெறும் காரணங்களை அடுக்கச் சொன்னபோது தணியவில்லை என்றும் ஃபெர்ன்பாக் குழுவினர் 2013-இல் எழுதினர். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு மாற்றத்தைக் காட்டவில்லை. நமக்கு மாற்றம் தேவையுமில்லை. சாய்வு முதலில் வந்ததா, திட்டத்தைப் பற்றிய அறிவு முதலில் வந்ததா என்று அறிய இந்தக் கேள்வி உதவுகிறது.

8. அன்று இரவே எழுதுங்கள்

மூன்று பத்திகளில் எழுத வேண்டும்: நடந்ததாக அவர் சொன்னது, அதற்கு அவர் தந்த விளக்கம், உங்கள் ஊகம். இவை கலந்தால் ஒரு மாதத்துக்குப் பிறகு உங்கள் ஊகத்தையே அவர் சொன்னதாக மேற்கோள் காட்டிவிடுவீர்கள். அவருடைய சொற்களை அவர் பேசிய தமிழிலேயே, இடையில் வந்த கன்னடத்தோடு எழுதுங்கள். திருத்தி எழுதினால் கோபமும் கிண்டலும் போய்விடும்.

9. மறுபடியும் போங்கள்

சில வாரங்கள் கழித்து, படி 6-இல் கேட்ட கருத்துக் கேள்விகளை மட்டும் அதே சொற்களில் மறுபடி கேளுங்கள். ஒரே ஆட்களை 1956, 1958, 1960 ஆண்டுகளில் கேட்ட அமெரிக்க ஆய்வை வைத்து ஃபிலிப் கான்வர்ஸ் 1964-இல் காட்டியபடி, கட்சிச் சார்பு உறுதியாக நின்றபோதும் பல கொள்கைக் கேள்விகளுக்கான பதில்கள் சீட்டுப் போட்டு எடுத்தவைபோல் மாறிக்கொண்டிருந்தன. இரண்டாம் முறை பதில் தலைகீழாக வந்தால், முதல் நாள் நீங்கள் பதிவு செய்தது அந்த நேரத்தில் நாவில் வந்த பதில். அதன் தோற்றத்தைத் தேடி இன்னும் உழைப்பதில் பொருளில்லை. பதில் மாறாமல் நின்றால் மட்டும் காலக்கோட்டுத் தாளுக்குத் திரும்புங்கள்.

“போன தடவை வேற மாதிரி சொன்னீங்களே” என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டால் அவர் இரண்டையும் இணைக்க ஒரு மூன்றாவது காரணத்தை உருவாக்குவார்.

10. அடையாளத்தை நீக்குங்கள்

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். தெரு, தொழிற்சாலை, தேவாலயம், பிள்ளைகளின் எண்ணிக்கை நான்கும் ஒன்றாக இருந்தால், மர்ஃபி டவுனில் யாரும் இரண்டு நிமிடத்தில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். தெருவுக்குப் பதில் பகுதியின் பெயர், தொழிற்சாலைக்குப் பதில் தொழில் வகை, பிறந்த ஆண்டுக்குப் பதில் பத்தாண்டு என்று விரிவாக்கி எழுதுங்கள். கலவரத்தில் தாக்கியவர் என்றோ உதவியவர் என்றோ அவர் பெயர் சொன்ன மூன்றாம் நபர்களையும் இதே போல் மறைக்க வேண்டும், அவர்கள் உங்களிடம் எந்த ஒப்புதலும் தரவில்லை. ஒலிப்பதிவை எழுத்தில் பெயர்த்துச் சரிபார்த்ததும், வைத்திருக்கச் சொல்லி அவர் கேட்டிருந்தால் தவிர, கைப்பேசியிலும் கணினியிலும் மின்னஞ்சலிலும் இருந்து அழித்துவிட்டு, அழித்த நாளைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.